ஏணைச் சத்தம் கேட்கும் தூரத்தில் பாத்தி

அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பதினான்கு மாதம், கணவர் கட்டாரில். பத்துப் பேர்ச் வளவு, மணல் தரை, கிணறு இருக்கிறது. கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் என்று மூன்று தடவை நட்டாராம், மூன்று தடவையும் பட்டுப்போயிற்றாம். "பிள்ளையைப் பார்த்தால் தோட்டம் போகுது, தோட்டத்தைப் பார்த்தால் பிள்ளை எங்கேயோ போகுது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கா, இல்லாட்டி அவன் பள்ளிக்கூடம் போகும்வரைக்கும் விட்டுவிடவா?" என்பது கேள்வி.

விடவேண்டாம் தங்கச்சி. ஆனால் நீங்கள் போட்டது சின்னப் பிள்ளை இல்லாத வீட்டுக்காரர் போடும் தோட்டம். நான் விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்த காலத்தில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தோட்டம்தான். என் மூத்தவன் பிறந்த பிறகு என் வீட்டுப் பாத்தியே காய்ந்து கிடந்தபோதுதான் சங்கதி விளங்கியது. இப்போது ஆரையம்பதியில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்று நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடி பட்டதற்கு நீங்கள் தண்ணி ஊற்ற மறந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றைப் பிடிக்கும் நோய் மற்றதையும் பிடிக்கும். அவற்றையே ஒரே பாத்தியில் மூன்று தடவை வைத்திருக்கிறீர்கள். காலையில் பச்சையாக நின்ற செடி உச்சிவெயிலில் தலை தொங்கி, பின்னேரம் கொஞ்சம் எழும்பி, இரண்டு மூன்று நாளில் இலை மஞ்சளாகக்கூட மாறாமல் அப்படியே வாடிச் செத்ததா? அப்படியென்றால் அது பற்றீரியா வாடல் நோயாக இருக்கலாம். அது மண்ணில் இருந்து வருவது, எத்தனை வாளி ஊற்றினாலும் செடி எழும்பாது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாடின செடி ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டில் இருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணி எடுத்து, வெட்டுவாய் தண்ணிக்குள் இருக்கிற மாதிரி அந்தத் துண்டைத் தொங்கப் பிடியுங்கள். கையை ஆட்டக்கூடாது. சில நிமிஷத்தில் வெட்டுவாயில் இருந்து பால் கசிகிற மாதிரி வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கினால் நோய் அதுதான். பிறகு அந்தப் பாத்தியில் இந்தக் குடும்பத்துச் செடி எதையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு வைக்கவேண்டாம். பயற்றை, வெண்டி, கீரை வைக்கலாம். வாடின செடிகளை வேரோடு பிடுங்கி எரியுங்கள், எருக்குழிக்குள் போடாதீர்கள்.

தக்காளிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம பக்கம் வைகாசி, ஆனியில் இரவும் புழுங்கும். இரவுச் சூடு இறங்காவிட்டால் தக்காளி பூக்கும், காய் பிடிக்காமல் பூ உதிரும். அதற்கும் உங்கள் கவனக்குறைவுக்கும் சம்பந்தமில்லை.

சரி, இனித் தோட்டத்தின் அளவு. 2022இல் சாமான் விலை ஏறின நேரம், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவுகூடக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் வளவு முழுக்கக் கொத்திப் போட்டவர்கள் எல்லாரும் ஒரு போகத்தோடு கைவிட்டார்கள். குசினி வாசலில் நாலு பை வைத்தவர்களிடம் இன்னும் கீரை இருக்கிறது. பதினான்கு மாதப் பிள்ளை பகலில் ஒருக்காலோ இரண்டு தரமோ தூங்கும். அந்த நேரத்தில் சமையல், உடுப்புத் தோய்ப்பு, உங்கள் குளிப்பு எல்லாம் போக மிஞ்சுவது அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் தண்ணி ஊற்றி, களை பிடுங்கி, இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்து முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம். என் கணக்கில் அது மூன்றடி அகலம் பத்தடி நீளத்தில் இரண்டு பாத்தி. இரண்டு பக்கம் நின்றும் கை நடுவுக்கு எட்ட வேண்டும், மண்ணை மிதிக்கக்கூடாது, மூன்றடி என்று சொல்வது அதனால்தான்.

இடம்? நிலம் நல்லது என்று வளவின் பின்மூலைக்குப் போகாதீர்கள். ஏணையில் பிள்ளை சிணுங்கினால் காதில் விழவேண்டும், அவ்வளவு கிட்ட. குசினி வாசலில் இருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு. வெயில் அரை நாள் விழுந்தால் கீரைக்குப் போதும். மண் மோசமென்றால் மண்ணை நாம் செய்துகொள்ளலாம்.

நம்ம கரையோர மணலில் ஊற்றுகிற தண்ணி சல்லடையில் ஊற்றின மாதிரிக் கீழே போய்விடும், எருவும் அதோடு கழுவுண்டு போகும். இதற்கு மருந்து வளவிலேயே கிடக்கிறது: தேங்காய்ப் பொச்சுமட்டை. பாத்தி நீளத்துக்கு ஒன்றரை அடி ஆழம் வெட்டுங்கள். மணல்தானே, கஷ்டமில்லை, ஆனாலும் ஒரே நாளில் வெட்ட நினைக்காதீர்கள், நாலு தூக்கத்தில் வெட்டுங்கள். அடியில் பழைய பொச்சுமட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க, கிண்ணம் அடுக்குகிற மாதிரி நெருக்கி அடுக்குங்கள். அதன் மேல் இன்னொரு அடுக்கு. பிறகு காய்ந்த இலை, வேலியில் கிளிசரிடியா நின்றால் அதன் தழை, அதன்மேல் நன்றாகக் காய்ந்து உக்கின மாட்டெரு. வெட்டின மணலில் பாதியை எருவோடு கலந்து மேலே மூடுங்கள். முதல் நாள் மட்டைகள் குடிக்கும்வரை நிறைய ஊற்றவேண்டும். அதன்பிறகு ஒரு பாத்திக்கு நாளுக்கு இரண்டு வாளி எனக்குப் போதுமாக இருந்தது. மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் காலையும் பின்னேரமும் ஊற்றினேன்.

அந்த இரண்டு வாளியில் ஒன்று பிள்ளையைக் குளிப்பாட்டின தண்ணி. என் பேத்தியைப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு பேசினில் இருத்தித்தான் குளிப்பாட்டுவது. கொஞ்சம் பேபி சோப் கலந்த தண்ணி வாழைக்கும் பப்பாசி அடிக்கும் ஒன்றும் செய்யாது. கீரைக்கு மட்டும் சோப் போடுமுன் வார்த்த தண்ணியை விடுவேன். குளிப்பும் முடிந்தது, தண்ணி ஊற்றலும் முடிந்தது, அவளும் நனைந்து சிரித்துப் பிறகு நன்றாகத் தூங்குவாள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகத் தொடங்க நல்ல நேரம் மாரி கழிந்து, தைப்பொங்கல் முடிந்த கையோடு. மண்ணில் ஈரம் இருக்கும், கிணற்றில் தண்ணி மேலே நிற்கும், வெயிலும் பதமாக இருக்கும். களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கம் மணலில் மரக்கறி செய்கிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். கச்சான் அடிக்கத் தொடங்கினால் மேற்குப் பக்கம் இரண்டு கிடுகைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள். மாரியில் பாத்தியை முக்கால் அடி உயர்த்தாவிட்டால் வேர் அழுகும்.

என்ன நடுவது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. அதைக் 'காய்ச்சல் கிழமை' என்று சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு கிழமை நீங்கள் பாத்திப் பக்கமே போகமாட்டீர்கள். அந்த ஒரு கிழமையைத் தாங்கிக்கொண்டு நிற்கிற செடி எது? பக்கத்து வீட்டார் ஒருக்கால் தண்ணி தெளித்துவிட்டால் போதும் என்கிற செடி எது? அதை மட்டும் வையுங்கள்.

இந்தச் சோதனையில் கங்குன் கீரை முதலாவது. தண்டை ஒடித்து நட்டால் வரும், மூன்று நாலு கிழமையில் வெட்டலாம், வெட்ட வெட்டத் தளிர்க்கும். பசளிக் கொடியும் அப்படித்தான், வேலியில் ஏற்றிவிட்டால் அதன்பாட்டில் போகும். முளைக்கீரை விதைத்த மூன்றாம் கிழமையில் பிடுங்கலாம். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரேயடியாக முற்றிவிடும். முருங்கைக் கம்பு ஒன்று, பப்பாசி இரண்டு, வேலியோரம் வத்தாளைக் கொடி. வத்தாளை இலையையும் சுண்டலாம், கிழங்கு மண்ணுக்குள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

பயற்றையும் வெண்டியும் நடுத்தரம். இரண்டும் ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும், மனசுக்குச் சந்தோஷம் தரும். ஆனால் வெண்டிக்காய் இரண்டு நாள் பிந்தினால் நாராகிவிடும். பிந்தினதை விதைக்கு விட்டுவிடுங்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. ஹரித என்ற வெண்டி விதை கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். இலை நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிகிற வெண்டிச் செடியைக் கண்டால் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அதை மற்றதுக்கும் கொண்டுபோகும்.

கத்தரி வேண்டும் என்று ஆசை இருந்தால், வேறு இடத்தில் ஒரு பையில் இரண்டு கன்று மட்டும். திருநெல்வேலி ஊதாக் கத்தரி நன்றாக வரும். திருநெல்வேலி என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. குருத்து ஒன்று மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி எரித்துவிட்டால் போதும், மருந்து தேவையில்லை. கோவா, கரட் பக்கம் போகவேவேண்டாம். பாகல், புடோல் எல்லாம் பந்தல் கேட்கும். அடுத்த வருஷம் பார்ப்போம்.

இனிப் பிள்ளை. தோட்டத்தைவிட இதைத்தான் நான் நின்று சொல்ல விரும்புகிறேன்.

என் மூத்தவனுக்கு அப்போது இரண்டு வயது. பூச்சிக்கு அடித்த மருந்தில் கொஞ்சம் மிஞ்சியது. வீணாக்க மனமில்லாமல் நானே, படித்த நானே, அதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் திண்ணை ஓரம் வைத்தேன். வாளி எடுக்கக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினால் அவன் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறான். மூடி இறுக்கமாக இருந்தது, தப்பினான். அன்றோடு என் வீட்டுத் தோட்டத்துக்கு விலைக்கு வாங்கின மருந்து வந்ததில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் நாலு வெண்டிக்காய்க்காக அந்தப் போத்தல் வாசல் மிதிக்கக்கூடாது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது சுவாசப்பைக்குள் போய் இன்னும் மோசமாக்கும். உடனே 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெயையும் எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை வயிற்றுக்குள் போனால் வலிப்பு வருமளவுக்கு நஞ்சாகும். வேப்பங்கொட்டையை இடித்து ஒரு இரவு ஊறவைத்து வடித்துத் தெளிப்பது நல்ல முறைதான், ஆனால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே செய்து, மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும்.

வேலியையும் ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். மஞ்சள் அலரி நிற்கிறதா? அதன் விதை என்ன செய்யும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெட்டிவிடுங்கள். குன்றிமணிக் கொடி, ஆமணக்கு, ஊமத்தை, கார்த்திகைப்பூக் கிழங்கு இவையும் பிள்ளை நடக்கத் தொடங்குமுன் வளவை விட்டுப் போகவேண்டும். கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால், தோட்டத்துக்கு வைத்திருக்கும் காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள். கட்டு இருந்தாலும் மேலே வலை போடுங்கள். வாளியில் ஒரு சாண் தண்ணி இருந்தால்கூடத் தலைகீழாக விழுந்த பிள்ளைக்கு எழும்பத் தெரியாது. ஊற்றி முடிந்த வாளி கவிழ்த்துத்தான் இருக்கவேண்டும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, என் மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

பொச்சுமட்டையைப் பாத்திக்குள் புதையுங்கள், வெளியே குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் மட்டத்தேளும் பாம்பும் வரும். நாற்றுப் போடுகிற சிரட்டை, பேணி எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை இருக்கவேண்டும். பூச்சாடித் தட்டைக் கிழமைக்கு ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். நாற்றுக்குச் சிரட்டையைவிடக் காலிப் பால்மாப் பை, திரிபோஷாப் பை நல்லது. அடியில் நாலு இடத்தில் குத்திவிட்டால் தண்ணி தேங்காது. பிள்ளையை மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள். நாயும் பூனையும் போகிற இடம்தானே. பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சி மருந்து எப்போது என்று கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பிள்ளையைத் தோட்டத்துக்குள் விடுங்கள். வெளியே நிறுத்தி வைக்கப் பார்த்தால் உங்கள் அரை மணித்தியாலமும் அழுகையில்தான் போகும். பாத்தியின் ஒரு முனையில் இரண்டடி அவனுக்கு. நட வேண்டாம், வெறும் மண், ஒரு சிரட்டை, ஒரு பழைய கரண்டி. என் பேத்தி முதல் மாதம் முழுக்க மண்ணை அள்ளி என் கங்குன் மேல்தான் கொட்டினாள். கங்குன் சாகவில்லை, அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறேன். வாயில் மண் வைப்பான், அதற்கு முழு வீட்டையும் கூப்பிடவேண்டாம், வாயைக் கழுவிவிட்டால் சரி. ஆனால் அன்றைக்குப் புது மாட்டெரு கலக்கிற வேலை இருந்தால் அவன் அங்கே இருக்கக்கூடாது.

ஒன்று கவனித்திருக்கிறேன். தட்டில் கொடுத்தால் துப்புகிற கீரையை, தானே பிடுங்கிக் கொண்டுவந்தால் ஒரு வாய் கூடத் தின்கிறார்கள். முருங்கையிலையை நன்றாக அவித்து மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கினபிறகு இரண்டு துளி தேசிக்காய் பிழிந்து சோற்றோடு குழையுங்கள். கொழுப்பு இருந்தால்தான் இலையில் உள்ள விற்றமின் ஏ உடம்பில் சேரும், புளிப்பு இரும்புச்சத்தை எடுக்க உதவும். பச்சைப் பயற்றங்காய்த் துண்டை மட்டும் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

அப்புறம், இதைத் தனியாளாகச் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம்ம பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது, அதனால் தாய்வீடு பெரும்பாலும் ஒரு வேலிக்கு அப்பால்தான் இருக்கும். உங்கள் அம்மாவும் அப்படி இருந்தால், வேலையைப் பிரியுங்கள். ஆனால் "அம்மா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் அவர் பிள்ளையையும் பார்த்து, தோட்டத்தையும் பார்த்து, சமைத்தும் வைப்பார், பிறகு இடுப்பு வலி என்று படுப்பார். எங்கள் வீட்டில் நடந்தது அது. காலைத் தண்ணி அம்மா, பின்னேரத் தண்ணி நீங்கள் என்று முடித்துவிடுங்கள். முருங்கையும் பப்பாசியும் அவர் வளவில் நிற்கட்டும், பாத்தி உங்களிடம் இருக்கட்டும். படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், வாழையை மட்டும் யோசித்து வையுங்கள். யானை வருகிற ஊரில் வீட்டோரம் வாழை வைப்பது பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நல்லதில்லை.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதத்தில் பெரிதாக மிச்சம் வராது. கீரைக்கும் கங்குனுக்கும் கடைக்குப் போகமாட்டீர்கள், அவ்வளவுதான்.

இப்போதைக்குப் புதிதாக எதுவும் விதைக்காதீர்கள். பாத்தியில் மிஞ்சி நிற்கிற செடி ஏதாவது வாடும்போது அந்தக் கிளாஸ் தண்ணிச் சோதனையைச் செய்து, வெள்ளை நூல் இறங்கியதா இல்லையா என்று எழுதுங்கள். இறங்கினால் பாத்தியைக் குசினியின் மற்றப் பக்கத்துக்கு மாற்றுவோம். இறங்காவிட்டால் அதே இடத்தில் பொச்சுமட்டையோடு தொடங்கலாம்.